பெயர் மாறியது, வால் மாறவில்லை

தியானப் பகுதி: மத்தேயு 1:1–17



அண்மைக் காலமாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் வம்ச வரலாறு எழுதும் ஆர்வம் பெருகி வருகிறது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகளைப் படியெடுக்கிறார்கள். பல தலைமுறைகளை ஒரே தாளில் மரமாக வரைந்து வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். இது நல்ல முயற்சியே. ஆயினும், அம்மரத்தின் வேரில் உள்ள பெயரின் பொருளை அறியாமல் கிளைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அம்முயற்சியால் பயன் இல்லை.

தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் குடும்பப் பெயர் தமிழரிடையே பொது வழக்கன்று. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் பலர் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு திகைத்து, தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ அதில் எழுதுகிறார்கள். அன்று எழுதியது பேரப்பிள்ளைகள் வரை நிலைத்துவிடுகிறது. தேவசகாயம், வேதமாணிக்கம், ஞானமுத்து போன்ற பெயர்கள் கடல் கடந்த நாடுகளில் குடும்பப் பெயர்களாக வழங்குவது இவ்வாறுதான். யாரோ ஒரு முன்னோர் ஒரு நாள் ஞானஸ்நானத் தொட்டியருகே பெற்றுக்கொண்ட பெயர் அது.

அவற்றுள் 'தேவசகாயம்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். லாசரு என்ற பெயர் எலெயாசார் என்னும் எபிரெயப் பெயரிலிருந்து வந்தது. தேவன் உதவி செய்தார் என்பது அதன் பொருள். அப்பொருளையே தேவசகாயம் என்ற பெயரும் தருகிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று இப்பெயரைத் தரித்தார். அரண்மனையின் தயவும் குலத்தின் பெருமையும் அவரை விட்டு விலகின. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சகாயம் யாரிடமிருந்து வருகிறது என்பதை அவர் தம் பெயராலும் மரணத்தாலும் அறிக்கையிட்டார்.

நம் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றிலும் இத்தகையோர் உண்டு. ஆறுமுகம் என்னும் இளைஞர் 1718-இல் சீகன்பால்க் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக அபிஷேகம் பெற்றார். மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் ஆனார். 1806-இல் ரிங்கெல்தௌபே ஐயர் தென்திருவிதாங்கூருக்கு வர வழி திறந்தவர் அவரே. இப்பெயர்கள் எவற்றிலும் குலத்தின் அடையாளம் இல்லை.

ஆனால் நம் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பெயர் மாறிய பின்னும் அதன் வாலாகச் சாதிப்பட்டம் தொடர்ந்தது. சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதற்கு இணங்க மறுத்துத் திருவிருந்தை விட்டு விலகினர். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தினுள் சாதிகள் தனித்தனியே நின்று தொழும்படி தடுப்பு வைக்கப்பட்டது. அது 1910-இல்தான் அகற்றப்பட்டது. பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தைத் துறக்கும்படி 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் இயற்றியது. ஆலயத்துக்கு வெளியே இருந்தவர்கள் உரக்கச் சொன்னதை ஆலயத்துக்குள் இருந்த நாம் முணுமுணுக்கவும் தயங்கினோம். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் பட்டத்தை விலக்கியே அறிவித்தது. ஞானஸ்நானத்தில் தொடங்கிய பெயர்மாற்றம் நிறைவுபெற ஏறத்தாழ 277 ஆண்டுகள் ஆயின!

"அது வெறும் அடையாளம்தானே, ஐயா? முன்னோரை மதிப்பது தவறா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானத்துக்குப் பின்னும் தம் பழைய பெயரை விட்டுவிடவில்லை. ஆயினும் இரட்சணிய யாத்திரிகத்தை நமக்குத் தந்தவர் அவர். பெயரின் எழுத்துகளில் இரட்சிப்பு இல்லை. எழுத்தில் எது இருக்கிறது என்பதைவிட, அதைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். திருமண ஓலை எழுதும்போதும், வரன் தேடும் விளம்பரம் கொடுக்கும்போதும், குடும்ப வரலாற்றுக்கு முன்னுரை எழுதும்போதும் அந்த வால் எதற்குப் பயன்படுகிறது? யாரை உள்ளே சேர்க்க, யாரை வெளியே நிறுத்த? இக்கேள்விக்கு அவரவர் மனச்சாட்சி மறுமொழி சொல்லட்டும்.

வேதமும் வம்ச வரலாறு எழுதுகிறது. ஆனால் மத்தேயு எழுதிய அட்டவணையைப் பாருங்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை அவர் மறைக்கவில்லை. குலப்பெருமைக்காக எழுதுகிறவர் மறைத்திருப்பார். கிருபையை எழுதுகிறவர் மறைக்கத் தேவையில்லை. பவுலும் தம் கோத்திரத்தையும் குலத்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் நிமித்தம் அவற்றையெல்லாம் நஷ்டமென்று எண்ணினார் (பிலிப்பியர் 3:5–8). தம் வம்சத்தை அவர் அறிந்திருந்தார். அதன்மேல் நம்பிக்கை வைக்கவில்லை.

ஆகவே, குடும்ப வரலாறு எழுதுங்கள். முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், எவ்வூரில், யாருடைய எதிர்ப்பின் நடுவே பெற்றார் என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். அவருடைய பழைய பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அவர் பிறந்த குலம் தாழ்த்தப்பட்டதாயினும், பிறரைத் தாழ்த்தியதாயினும் அதைப் பொய்யாக்கிப் பூசாதீர்கள். பின்பு அப்பெயரின் பொருளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியிலும் விமான நிலையத்திலும் பிறர் உச்சரிக்கத் தடுமாறும் அந்த நீண்ட பெயர், தேவன் நம் குடும்பத்துக்குச் செய்த உதவியின் சாட்சி என்று அவர்கள் அறியட்டும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் வாலை அடுத்த திருமண அழைப்பிதழில் அச்சிடாமல் விடுங்கள். அதனால் முன்னோரின் மதிப்பு குறையாது. அவர்கள் ஞானஸ்நானத்தில் தொடங்கியதை நாம் நிறைவேற்றுகிறவர்களாவோம்.

எங்களைப் பேர்சொல்லி அழைத்த ஆண்டவரே, நீர் தந்த பெயருக்குப் பாத்திரராய் நடக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.