சோஷியாலஜி படிச்சா சோறு போடுமா?

நம்ம கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு பொண்ணு இன்டர் முடிச்சுட்டு "பி.ஏ. சோஷியாலஜி சேரப்போறேன்"னு சொல்லிட்டா, பெத்தவங்க கூட சும்மா இருப்பாங்க. துபாய் மாமாவுக்கும் நியூஜெர்சி சித்தப்பாவுக்கும்தான் தூக்கம் போயிடும். உடனே போன். "அதைப் படிச்சு என்னம்மா பண்ணப்போற?" ஃபீஸ் கட்டுறவர் கேட்டாலாவது ஒரு நியாயம் இருக்கு. இவங்கள்ல பாதிப்பேர் அதையும் கட்டுறதில்லை :-)

நான் பி.காம். அதைப் படிச்சு நான் மட்டும் என்ன பண்ணினேன்? வங்கிப் பரீட்சை எழுதினேன். இன்னைக்கும் ஐ.பி.பி.எஸ். ஆபீசர் தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தாப் போதும். டெபிட், கிரெடிட் எல்லாம் உள்ளே வந்தப்புறம் அவங்களே சொல்லிக் கொடுத்துடுவாங்க. ஆனா ஒரு கிராமத்துல யார் யாருகிட்ட கைமாத்து வாங்குறாங்க, யார் வீட்டு வாசப்படியை யார் மிதிக்க மாட்டாங்க, இதை எந்த ட்ரெய்னிங்கிலயும் எனக்குச் சொல்லித் தரலை.

தெரியலைன்னா என்ன ஆகும்? 2010-ல ஆந்திராவுல நடந்த மைக்ரோ பைனான்ஸ் கூத்தை நினைச்சுப் பாருங்க. அஞ்சாறு பெண்களை ஒரு குழுவாச் சேர்த்து, ஒருத்தருக்கு மத்தவங்க பொறுப்புன்னு கடன் கொடுத்தாங்க. நகை, பத்திரம் எதுவும் ஈடு கிடையாது. ஊர்ல இருக்கிற மானம்தான் ஈடு. கணக்குல பார்த்தா வசூல் நூத்துக்கு நூறை நெருங்கும். ஆகஸ்ட்ல எஸ்.கே.எஸ். பங்குச்சந்தைக்கே வந்தாச்சு. ஒரு கம்பெனிக் கடனை இன்னொரு கம்பெனில வாங்கிக் கட்டுறாங்க, கட்ட முடியாதவளைக் குழுவே வீட்டு வாசல்ல உட்கார்ந்து அசிங்கப்படுத்துதுங்கிற விஷயம் எக்செல்ல தெரியாதே. தற்கொலைச் செய்திகள் வந்துச்சு. அக்டோபர்ல மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் அப்படியே படுத்துடுச்சு. ஃபைனான்ஸ் படிச்சவங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. திண்ணையில உட்கார்ந்து அந்தப் பெண்கள்கிட்ட நாலு கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்லை. அந்தக் கேள்வி கேக்கிற படிப்புக்குப் பேர்தான் சார் சோஷியாலஜி.

அதுவும் நம்ம ஊர்க்காரங்க இதைக் கேலி பண்றதுதான் எனக்குத் தாங்கலை. 1960-ல திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, நாம இந்தப் பக்கம் தங்கிட்டோம். வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, சம்பந்தம் ரெண்டு பக்கமும். எம்.என்.ஸ்ரீனிவாஸ் மைசூர் பக்கத்து ராம்புராவுல போய்த் தங்கி ஆராய்ச்சி பண்ணினார். வங்காளத்துல பிறந்த ஆந்த்ரே பெத்தேய் ஒரு தஞ்சாவூர் கிராமத்தைப் பத்தி 1965-ல புத்தகம் போட்டார். சித்தூரைப் பத்தி எழுத நம்ம வீட்டுப் பொண்ணு கிளம்பினா மட்டும் ஏன் வயித்துல புளியைக் கரைக்குது? உங்க பையன் அமெரிக்க காலேஜ்ல இதே பாடத்தை எடுத்தா "லிபரல் ஆர்ட்ஸ்"னு பெருமையாச் சொல்லிக்கிறீங்களே!

வெறும் பி.ஏ.வோட நின்னுட்டா கஷ்டம்தான், அதை மறைக்கலை. (வெறும் பி.காமும் அப்படித்தான்.) எம்.ஏ. வேணும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துல சமூகவியல் துறை இருக்கு, மும்பைல 1936-ல ஆரம்பிச்ச டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கு. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா நெட் பாஸ் பண்ணணும். ஐ.ஏ.எஸ். மெயின்ஸ்ல 1750 மார்க்ல 500 விருப்பப் பாடத்துக்கு, அதுல சோஷியாலஜியும் ஒண்ணு. சர்வே, கிராம வளர்ச்சித் திட்டம், தொண்டு நிறுவனம்னு வேலை இருக்கு. கம்பெனிகள் கூட வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ப் பேசி வர ஆள் தேடுது. முதல் சம்பளம் சாஃப்ட்வேர் பையன் அளவுக்கு வராது. சரி, அதனால என்ன?

சித்தூர்ல இருந்து ஹைதராபாத், மும்பை போய் ரெண்டு வருஷம் படிக்கிறதுன்னா அந்த வீட்டுக்குப் பெரிய செலவு. மாமா, சித்தப்பா, அடுத்த தடவை போன் பண்ணும்போது ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்னு கேளுங்க.