புல்லும் அல்ல, பாசியும் அல்ல

தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களில் பலரும், தென்கிழக்காசியப் புனைவுகளை மொழிபெயர்க்கிறவர்களில் பலரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். 'கிராஸ் ஜெல்லி' என்ற ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டதும் முன்னவர் சைனா கிராஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பின்னவர் 'புல் ஜெல்லி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இரண்டும் பிழை. சொற்பிழைதானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாத பிழை. ஒரு செடியையும் அதன் கசப்பையும் நம் பார்வையிலிருந்தே அகற்றிவிடுகிற பிழை இது என்பதே என் தரப்பு.

முதலில் புல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் உட்பட எல்லோரும் 'சின்சாவ்' என்று அழைக்கும் அந்தக் கரிய கூழ்க்கட்டி, துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்துச் செடியொன்றிலிருந்து வருவது. தாவரவியலார் இன்று அதைப் பிளாட்டோஸ்டோமா பாலுஸ்டிரே என்கிறார்கள். பழைய நூல்களில் மெசோனா சினென்சிஸ். சீனத்தில் அதன் பெயர் 'சியன்சாவ்', அதாவது அமரர்களின் பூண்டு. அதன் ஹொக்கியன் உச்சரிப்பே மலாயில் சின்சாவ் ஆனது. சீனத்தில் 'சாவ்' என்ற எழுத்து புல்லையும் குறிக்கும், பூண்டையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பெயரிட்டவர்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு அமரர்களை விட்டுவிட்டார்கள். அந்தப் பாதிப் பெயரை நாம் தமிழுக்குக் கொண்டுவந்து முழுப் பிழையாக்கியிருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் அகத்தே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். ஆனால் இந்தச் செடி அந்தப் பட்டியலிலும் சேராது. ஆகவே இலக்கண ஆதாரம் காட்டியும் தப்பிக்க வழியில்லை.

அடுத்தது பாசி. நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கப்படுவது கடலின் செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர். இஸ்லாமியத் தமிழ் வீடுகளில் நோன்பு திறக்கும் வேளையில் கடல்பாசி என்ற பெயரில் அது எத்தனை வண்ணங்களில் வந்து அமர்கிறது என்பதை அறியாதவர் இல்லை. அது அருமையான பண்டம். அதன்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அதன் இயல்பே நிறமும் மணமும் இல்லாமலிருப்பது. எதைக் கலந்தாலும் அதுவாகிவிடும். சின்சாவோ தனக்கென்று ஒரு சுவை உள்ளது: லேசான கசப்பு, காய்ந்த மூலிகையின் மணம், வாயில் வழுக்கிச் செல்லும் மென்மை. கடல்பாசியில் கறுப்புச் சாயம் கலந்து அதைச் சின்சாவ் என்பது, சுக்கு மல்லிக் காப்பியைக் காப்பிக்கொட்டைப் பானம் என்று எழுதுவதற்கு ஒப்பானது.

பெயரிடுவதில் எழுத்தாளர்களைவிடத் தெருவோரக் கடைக்காரர்கள் தேர்ந்தவர்கள். வெள்ளைச் சோயாப் பாலில் கரிய சின்சாவ் இழைகளை மிதக்கவிட்ட பானத்திற்கு மலேசியா, சிங்கப்பூர்க் கடைகளில் 'மைக்கேல் ஜாக்சன்' என்று பெயர். கறுப்பா வெள்ளையா என்று கேட்கும் அவரது பாடல் 1991இல் வெளிவந்தது. பாடகர் 2009இல் மறைந்துவிட்டார். கோப்பையில் பெயர் இன்னும் இருக்கிறது. அது கேலிப்பெயர்தான். ஆனாலும் கண்முன் இருக்கும் பொருளைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். 'புல் ஜெல்லி' பொருளைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்து வைத்த பெயர்.

இனி வீட்டில் செய்வதைப் பற்றி. மூன்று மணி நேரம் அடுப்பெரித்து இதைச் செய்யவேண்டுமா, டப்பா கிடைக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செய்முறையைச் சொன்னால் பதிலும் அதிலேயே இருக்கும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: காய்ந்த பூண்டு 100 கிராம், தண்ணீர் 3 லிட்டர், சமையல் சோடா ஒரு சிறு கரண்டி. பூண்டை மண் போக அலசி, சோடாவுடன் சேர்த்துக் குறைந்த தீயில் 3 மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சோடாவின் காரத்தன்மை இலையிலும் தண்டிலும் உள்ள பசைப்பொருளை வெளியே இழுக்கிறது. வெந்ததைத் துணியில் வடிகட்டி, சக்கையைக் கசக்கிப் பிழிந்தால் 2 லிட்டர் அளவுக்குக் கரிய சாறு கிடைக்கும். இந்தச் சாறு தனியே நின்றால் திடமாக உறையாது. மரவள்ளி மாவு 80 கிராமைக் குளிர்நீரில் கரைத்து ஊற்றி, கெட்டியாகிக் கொதிக்கும்வரை கைவிடாமல் கிளறி, தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். பூண்டின் பசையும் மாவும் சேர்ந்துதான் கட்டியாகின்றன. தைவானில் குளிர்காலத்தில் இதையே உறையவிடாமல் சூடாகக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். உண்ண உண்ண ஆறி அது கிண்ணத்திலேயே கட்டிப்படும்.

கவனியுங்கள், இதுவரை சர்க்கரை எங்கும் வரவில்லை. என் வாதத்தின் மையம் இதுதான். சின்சாவ் கசப்பாக இருக்கவேண்டும். இனிப்பு அதற்கு வெளியே இருக்கவேண்டும். பொடியாகச் சீவிய பனிக்கட்டியின்மேல் கட்டியைக் கம்பிகளாகச் சீவிப் போட்டு, தென்னை வெல்லப் பாகோ கருப்பட்டிப் பாகோ ஊற்றி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால், ஒவ்வொரு வாயிலும் இனிப்பும் கசப்பும் தனித்தனியாக வந்து பிறகு கலக்கும். டப்பாவில் வருவதில் பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே இனிப்பு புகுந்துவிடுகிறது. எவ்வளவு கசப்பு, எவ்வளவு மாவு, எவ்வளவு இனிப்பு என்ற மூன்று தீர்மானங்களையும் வேறு யாரோ நமக்காக எடுத்துவிடுகிறார்கள். பாலும் ரோஜாப் பாகும் கலந்த 'பண்டுங்' பானத்தில் அந்த இனிப்புக் கட்டியை மேலும் போட்டால் மிஞ்சுவது கறுப்பு நிறம் மட்டும். நான் டப்பாவைத் தடைசெய்யச் சொல்லவில்லை. நேரமில்லாதவர்கள் சந்தையில் தண்ணீரில் போட்டு விற்கும் இனிப்பில்லாத கட்டியை வாங்கலாம், அது நல்லதே. டப்பாவையே மூலம் என்று நம்பி, கசப்பைக் குறை என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. உடல் சூடு தணியும், அது குணமாகும், இது குணமாகும் என்று ஒரு கோப்பைப் பானத்தின்மேல் மருந்துக்கடையையே ஏற்றுகிறவர்கள். சீன மரபும் நம் மரபும் இதைக் குளிர்ச்சி என்ற சொல்லால் சுட்டுவது உண்மை. அது ஓர் அனுபவத்தின் பெயர். வெயிலில் அலைந்து வந்தவனுக்குப் பனிக்கட்டியிட்ட கசப்பு இதமாக இருக்கிறது என்பது போதுமான காரணம். நோய் தீர்க்கிறது என்று சொல்லித்தான் ஒரு சுவையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தச் சுவையின்மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள்.

அந்தப் பூண்டு நம்மூர்க் கடைத்தெருவில் கிடைக்காதே, எங்களுக்கு இதில் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்கலாம். இந்தோனேசியாவில் சின்சாவ் என்ற பெயர் பச்சைக் கட்டி ஒன்றுக்கும் உண்டு. அது வேறு செடி, சீந்தில் குடும்பத்துக் கொடி. இலைகளை ஆறிய நீரில் கையால் கசக்கி வடிகட்டி வைத்தால் அடுப்பும் மாவும் இல்லாமலே உறைந்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் வேலிகளில் படர்ந்து கிடக்கும் சிறுகட்டுக்கொடி. அதன் இலைச்சாறு நீரைக் கட்டிவிடும் என்பது நம் கிராமத்து ஆடு மேய்க்கும் சிறுவர்களும் அறிந்த செய்தி. கொடியின் பெயரிலேயே செய்முறை இருக்கிறது! கொடியைச் சரியாக அடையாளம் தெரிந்த ஒருவர் காட்டிய பிறகே பறிக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நீரைக் கட்டும் இலைக்குக் கட்டுக்கொடி என்று பெயர் வைத்த மொழி இது. அதே மொழியில் எழுதிக்கொண்டு, நீரைக் கட்டும் இன்னொரு பூண்டை நாம் புல் என்கிறோம். சின்சாவ் என்றே எழுதுங்கள். தோசையும் மீ கோரெங்கும் ஒரே கடையில் கிடைக்கும் ஊர்களில் தமிழர்கள் அந்தச் சொல்லைத் தமிழாக்கிப் பல காலம் ஆகிவிட்டது. பெயர்த்தே ஆகவேண்டும் என்றால் பூண்டுக்கூழ் என்றாவது எழுதுங்கள். செய்துபார்க்க விரும்புகிறவர்கள் கட்டிக்குள் சர்க்கரை சேர்க்காமல் ஒருமுறை செய்துபாருங்கள். அதன் பிறகும் டப்பாதான் மேல் என்று சொல்பவரோடு விவாதிக்க நான் தயார்.