மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு

முட்டி மாற்று ஆப்பரேஷன் முடிந்த முதல் வாரத்தை ஆள் எப்படியோ தாண்டிவிடுகிறார். வலி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வர உறவும் இருக்கிறது. சோதனை மூன்றாவது வாரத்தில் தொடங்கும். மகனுக்கு லீவு முடிந்திருக்கும், மருந்துப் பையும் மெலிந்திருக்கும். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: “என்னக்கா, இன்னுமா தோங்காட் ஊனி நடக்குறீங்க? ஈஜோக்குல ஒருத்தவங்க மூணே வாரத்துல மார்க்கெட்டுக்கு வந்துட்டாங்களாம்!”

வலியைச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியும். அசதியைச் சொன்னால் புரியாது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாலே நாள் முழுக்க வேலை செய்த களைப்பு. காலை பத்து மணிக்குக் கண் சொக்குகிறது, இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெண்களுக்கு இந்த அசதி நோயாகவே தோன்றுவதில்லை. சோம்பேறித்தனமாகத் தோன்றுகிறது. அதனால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். இன்று பெஸ்தாரி ஜெயா என்று எழுதப்படும் ஊர் 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. அதன் அருகே தென்னமரம் என்று தமிழிலேயே பெயர் கொண்ட ஒரு தோட்டம் உண்டு. 1917இல் ஆன்ரி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது அங்கேதான். பின்னாளில் இந்த மண்ணைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. அவருடைய செம்பனை இந்த வட்டாரம் முழுக்கப் பரவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை கித்தா எனும் ரப்பர்தான். இன்று அறுபதும் எழுபதும் தாண்டிய பாட்டிகளின் முட்டி தேய்ந்ததில் பாதி கித்தா நிரையில், மீதி செம்பனைக்கு அடியில் உதிரிப்பழம் பொறுக்கியதில்.

பால் வெட்டும் பட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். வருடம் போகப் போகக் கீழே இறங்கும். மரத்தோடு சேர்ந்து வெட்டுகிறவரும் இறங்குவார். முதலில் நின்று, பிறகு குனிந்து, கடைசியில் குந்தி உட்கார்ந்து. ஒரு நிரைக்குச் சுமார் 500 மரம். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் மக்களை வைத்து 1991இல் வெளியான ஆய்வொன்று, முட்டியை மடக்கிப் பாரம் தூக்கும் வேலை செய்த ஆண்களுக்கு மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெண்களில் அப்படிப்பட்ட வேலை பார்த்தவர்கள் குறைவு. ஆய்வாளர்கள் ஒரு நடை புக்கிட் ரோத்தானுக்கு வந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்குமோ என்னவோ.

முட்டி மாற்றுச் சிகிச்சை என்றதும் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நினைவு வரும் முகம் அடல் பிகாரி வாஜ்பாய். இந்தியப் பிரதமராக இருந்தபோதே 2000 அக்டோபரில் இடது முட்டி, 2001 ஜூனில் வலது முட்டி, இரண்டும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில். அறுவை செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். இன்று உலகமெங்கும் பொருத்தப்படும் செயற்கை முட்டிகளுக்கு முன்மாதிரியான வடிவத்தை 1974இல் அங்கே உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். இரண்டாவது அறுவை நடந்து ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, ஜூலை 14ஆம் தேதி தொடங்கிய ஆக்ரா மாநாட்டில் வாஜ்பாய் பாகிஸ்தான் அதிபர் முஷரஃபை வரவேற்று நின்றார். “எழுபத்தாறு வயசுல அவரே எழுந்து நின்னுட்டார், உனக்கென்ன?” என்று பாட்டியைக் கேட்க எந்தப் பேரனுக்கும் ஆசை வரும். நியாயமான கேள்வி இல்லை. பிரதமர் காயப்போட்ட துணியை எடுக்க மழைக்கு முன் ஓடவில்லை. நடக்க, உட்கார, படுக்க என்று ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது.

அசதிக்கு வருவோம். அது மனப்பிரமை இல்லை, உடம்பு நடத்தும் கணக்கு. அறுவையில் எலும்பின் முனைகளைச் சீவி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். இரத்தம் போகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. காயத்தை ஆற்ற உடம்பு ராப்பகலாக வேலை செய்கிறது, வெளியில் இருந்து பார்த்தால் ஆள் சும்மா படுத்திருப்பது போல் இருக்கும். வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் போன்ற மாத்திரை தூக்கக் கலக்கத்தையும் குமட்டலையும் மலச்சிக்கலையும் கூட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் மேலே தொடைச் சதை. அறுவை முடிந்து ஒரு மாதத்தில், முன் தொடைத் தசையின் பலம் அறுவைக்கு முன் இருந்ததைவிட 62 விழுக்காடு குறைந்திருந்ததை 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. சதை மெலிந்தது ஒரு பகுதிக் காரணம்தான். வீங்கிய முட்டி, தொடைக்கு வரும் கட்டளையையே மட்டுப்படுத்திவிடுகிறது. அதனால்தான் கட்டிலில் இருந்து காலைத் தூக்கச் சொன்னால் ‘தூக்கு’ என்று மனம் சொல்லியும் கால் அசையாமல் கிடக்கிறது. அந்த நிமிடத்தில் அழுதுவிடுகிறவர்கள் உண்டு.

வீக்கம் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் நிற்கும். தொட்டால் முட்டி சூடாக இருக்கும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கும், நடக்கும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கும். இவை பெரும்பாலும் சாதாரணம்தான். பக்கத்து வீட்டு அம்மா கண்ணூறு என்பார், மிளகாய் சுற்றிப் போட்டால் கெடுதல் இல்லை. கோடாலித் தைலத்தைத் தேய்த்துக் காலை உருவிவிட வந்தால் மட்டும் தடுக்க வேண்டும். ஆறாத காயத்தில் தைலம் ஆகாது. கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருக்கும் நேரத்தில் உருவினால் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். கெண்டை திடீரென வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலை உயர்த்தி வைப்பதிலும் ஒரு சூட்சுமம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் மடங்கியபடியே ஆறும் கால் பிறகு நேராக நீளாது. குதிகாலுக்கும் கெண்டைக்கும் அடியில்தான் தலையணை. துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம். மாத்திரையை வலி வந்தபின் தேடாமல், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. கடையில் சொந்தமாக வாங்கும் வலி மாத்திரைகளில் சில சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது மற்ற இனங்களைவிட அதிகம். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காயமும் மெதுவாக ஆறும், சிறுநீரகமும் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு நிற்பதே மேல்.

சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. முட்டை ஆகாது, கோழி ஆகாது, மீன் சாப்பிட்டால் புண் அரிக்கும் என்று பத்தியம் போடும் மாமியார் ஒரு பக்கம். ஹருவான் சூப் கொடு, உள்காயம் ஆறும் என்று சொல்லும் மலாய்க்காரத் தோழி மறுபக்கம். இந்த வழக்கில் தீர்ப்பு தோழி பக்கம் சாய்கிறது. ஹருவான் என்பது நம் விரால்தான், தஞ்சோங் காராங் வயல் வாய்க்கால்களில் கிடைக்கும் மீன். அது மாயம் செய்யுமோ இல்லையோ, புரதம் இருக்கிறது. வெட்டிய சதையை ஒட்டவைக்கப் புரதம் வேண்டும், இறங்கிய இரத்தம் ஏற இரும்புச்சத்து வேண்டும். கஞ்சியும் ஊறுகாயுமாக ஆறு வாரம் கிடந்தால் அசதி போகாது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேரும். தோட்டத்துப் பாட்டியிடம் இதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும் என்பது வேறு விஷயம்.

இனி வீடு. குந்தி உட்காரும் கழிவறை உள்ள பழைய வீட்டில் புது முட்டியோடு ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. மாற்று முட்டி பெரும்பாலோருக்கு 110, 120 பாகை மடங்கும், குந்த அதற்கும் மேலே வேண்டும். அறுவைக்கு நாள் குறித்தவுடனேயே துளை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி வைப்பதும், குளியலறையில் பிடிகம்பி அடிப்பதும், தரையில் விரித்த பாயைச் சுருட்டுவதும் புத்திசாலித்தனம். எலும்பு டாக்டரைப் பார்க்கக் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போக வேண்டும். ஜெராம், காப்பார் வழியே செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, முட்டியை மடக்கியபடி காரில் உட்கார்ந்து வந்தாலே அன்றைய பலம் தீர்ந்துவிடும். பிசியோவுக்குப் போன நாளில் வீட்டில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் பழைய பால்காட்டுப் பாடம் ஒன்று உதவுகிறது. வெட்டத் தெரிந்த எவரும் ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. இன்று இந்த நிரை, நாளை அடுத்த நிரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மரத்துக்கு ஓய்வு. உளி ஆழமாகப் போய் உள்மரத்தில் பட்டால் புண்ணாகி அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. பேராசைப்பட்டு அதிகம் வெட்டினால் பட்டை வறண்டு பாலே நின்றுவிடும். எந்தக் கங்காணியும் இதற்காக மரத்தைத் திட்டியதில்லை. மரத்துக்குக் கிடைத்த அந்த ஓய்வு நாளில் வெட்டுகிறவர் அடுத்த நிரையில் இருந்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை, எம்.சி. இல்லாமல் படுத்தால் பெயர் கெடும். அப்படி நாற்பது வருடம் ஓடிய உடம்புக்கு மத்தியானம் படுத்துத் தூங்குவது திருட்டுத்தனமாகத் தெரிவதில் வியப்பென்ன!

ஆக, பயிற்சியையும் அப்படியே வெட்டலாம். காலையில் உடம்பு தெளிவாக இருக்கும்போது வாசலில் இருந்து தண்ணீர்க் குழாய் வரை. மத்தியானத் தகரக்கூரை வெக்கையில் கால் உயர்த்திப் படுக்கை. சாயங்காலம் மறுபடி ஒரு நடை. நேற்று நன்றாக இருந்ததே என்று இன்று இரண்டு மடங்கு நடந்தால், நாளை முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு நாள் நடையும் வீணாகும். வீக்கம் கூடினால் அளவைக் குறைப்பது, குறைந்தால் கொஞ்சம் கூட்டுவது. பயந்துபோய் முழுசாகப் படுத்துவிடுவதும் தப்பு, பட்டையைத் தொடாமலே விட்டால் பால் எங்கே வரும்?

எல்லோருக்கும் வலி முழுக்கப் போய்விடும் என்று சொல்வதற்கில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, முட்டி மாற்றியவர்களில் 10 முதல் 34 விழுக்காட்டினருக்கு நீண்ட காலத்துக்குப் பிறகும் தொல்லை தரும் வலி இருந்ததாகக் கணக்கிட்டது. மூன்று மாதம் தாண்டியும் வலி தூக்கத்தைக் கெடுத்தால் “வயசாச்சு, இப்படித்தான்” என்று விடாமல் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

ஒரு வருடம் ஆனபின் பெரும்பாலும் எழும் கேள்வி தைப்பூசம். பத்துமலையில் 272 படி. ஏறலாமா? ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில் என்று பிசியோவில் சொல்லித் தருகிறார்கள். கைப்பிடி இருக்கிறது, நின்று நின்று ஏற யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைச் சோதிக்கும். மேலே போனவர்கள் சன்னதிக்கு முன் மண்டியிடும் இடத்தில்தான் தயங்குகிறார்கள். செயற்கை முட்டி தரையில் பட்டால் பலருக்கு உறுத்தும். அதனால் தூணில் ஒரு கையை ஊன்றி, நின்றபடியே கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.