நாடகம் சோறு போடுமா? ஒரு ஆடிட்டரோட கணக்கு



போன சித்திரையில ஒரு அப்பாவும் மகனும் என் ஆபீசுக்கு வந்தாங்க. புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு கிராமம். பையனுக்கு 25 வயசு. வள்ளி திருமணம் நாடகத்துல நாரதர் வேஷம் கட்டுறவர். முதல் நாள் ராத்திரி நாடகம் முடிச்சுட்டு நேரா வந்திருந்தார், கண்ணுல மை கூட முழுசா போகல.

அப்பாதான் பேசினார். "ஆடிட்டர் சார், நீங்க சொன்னா கேப்பான். நாடகம் சோறு போடாதுன்னு சொல்லுங்க. திருப்பூர்ல கம்பெனி வேலை ரெடியா இருக்கு, மாசம் 15,000. போக மாட்டேங்கிறான்."

நானும் எல்லாரும் சொல்றதையே சொன்னேன். "தம்பி, வேலைக்குப் போங்க. நாடகத்தை லீவு நாள்ல வச்சுக்கங்க."

அவர் சிரிச்சார். "சார், நாடகம் என் லீவு நாளைப் பாத்து வராது. அந்த ஊர் திருவிழா என்னைக்கோ அன்னைக்குத்தான் வரும்."

சொல்லிட்டு பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து வச்சார். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு பேசினது, எவ்வளவு அட்வான்ஸ், எல்லாம் எழுதியிருந்தார். என்கிட்ட வர்ற பல கடைக்காரங்க கூட இவ்வளவு சுத்தமா கணக்கு வைக்கிறதில்ல. அந்த டைரியைப் பாத்ததும் என் அறிவுரை எனக்கே தப்பா பட்டுச்சு.

இது பொழுதுபோக்கு இல்ல, தொழில்

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் நடக்கிறது ஸ்பெஷல் நாடகம். இதுல கம்பெனி முதலாளி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். தனித்தனியா புக் ஆகி, ராத்திரி மேடையில சந்திச்சு, விடிய விடிய நடிச்சுட்டு, அவங்கவங்க பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவாங்க. எல்லாருக்கும் பாடம் மனப்பாடம். இன்னைக்கு ஐடியில ஃப்ரீலான்சர்னு பெருமையா சொல்றாங்களே, அதை நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா பண்ணிட்டு இருக்காங்க.

முன்னாடி கம்பெனி நாடகம் இருந்தது. வள்ளி திருமணத்தை எழுதின சங்கரதாஸ் சுவாமிகளே 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சார். அந்த மாதிரி சபாக்கள்ல சாப்பாடும் தங்கற இடமும் சபா பொறுப்பு. ஸ்பெஷல் நாடகத்துல சுதந்திரம் இருக்கு, ஆனா விழுந்தா தாங்கறதுக்குக் கீழ வலை இல்ல.

இப்ப கணக்கு பாப்போம்

அடையாளம் தெரியாம இருக்க எண்களை ரவுண்டா மாத்தியிருக்கேன்.

வருஷத்துக்கு 80 நைட். ஒரு நைட்டுக்கு 2,000. மொத்தம் 1,60,000. பஸ், சாப்பாடு, மேக்கப், உடுப்புன்னு நைட்டுக்கு 500 செலவு வச்சா 40,000 போயிடும். மிச்சம் 1,20,000. அதாவது மாசம் 10,000.

திருப்பூர் வேலையில 15,000. பிஎஃப், இஎஸ்ஐ பிடிச்சது போக, ரூம் வாடகை, மெஸ் எல்லாம் கழிச்சா கையில சுமார் 7,000 நிக்கும். சொந்த வீட்டுல இருந்து நாடகத்துக்குப் போற பையனுக்கு 10,000. அப்ப நாடகம் சோறு போடாதுங்கறது உண்மையில்ல.

ஆனா அப்பாவோட பயமும் பொய் இல்ல. அந்தக் கம்பெனி வேலையில முதலாளி தன் பங்குக்கும் பிஎஃப்ல போடுவார். உடம்பு சரியில்லைன்னா இஎஸ்ஐ இருக்கு. நாடகத்துல குறையறது வருமானம் இல்ல, வருமானத்தோட கூட வர்ற இந்தப் பாதுகாப்புதான். இதைப் புரிஞ்சுக்காமதான் பாதிப் பேர் "கலை சோறு போடாது"ன்னு பையன்களைத் தடுக்கிறாங்க, மீதிப் பேர் "ஆசையைத் துரத்து"ன்னு உசுப்பேத்தி விடுறாங்க. ரெண்டு பேருமே கணக்கு போடல.

உண்மையான எதிரி, ஆவணி மாசம்

மாசியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் சீசன். வைகாசியில 15 நைட் அமைஞ்சா கையில 30,000 புரளும். அப்ப மாசச் சம்பளம் 30,000-ன்னு மனசு நம்பிடும். ஆவணிக்கு மேல டைரி காலி. அப்பதான் கடன்.

20,000 ரூபா அஞ்சு வட்டிக்கு வாங்கினா மாசம் 1,000. அஞ்சு மாசத்துக்கு 5,000. அடுத்த சீசன்ல மூணு நைட், செலவெல்லாம் போக கையில வர்ற 4,500 முழுசும் போட்டாலும் வட்டி அடையாது. முதல் அப்படியே நிக்கும்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. மழை நாலு மாசம், பயிருக்குத் தண்ணி அதுக்கப்புறமும் வேணும்னுதான் கண்மாய் வெட்டி வச்சாங்க. மழை பெய்யும்போதே மடையைத் திறந்து விடுறவன் எவனும் இல்ல. அதே வேலையைத்தான் பேங்க்ல செய்யச் சொன்னேன். நாடகப் பணம் எல்லாம் ஒரு கணக்குக்குப் போகணும். அதிலிருந்து மாசம் 8,000 மட்டும் வீட்டுச் செலவுக்கு வரணும், வைகாசியா இருந்தாலும் சரி, மார்கழியா இருந்தாலும் சரி. மிச்சம் 24,000 வருஷக் கடைசியில கணக்குல நிக்கும். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்து, பங்குனி, சித்திரை சீசன் மொத்தமா போச்சே, அந்த மாதிரி ஒரு வருஷத்தை அதுதான் தாங்கும்.

சின்னப்பா சொல்ற பாடம்

புதுக்கோட்டையில நாடகம், பணம் ரெண்டையும் சேத்துப் பேசினா பி.யு. சின்னப்பா பேரு வராம இருக்காது. 1916-ல இங்க பிறந்தவர். சின்ன வயசுலயே நாடக மேடை, அப்புறம் சினிமா. உத்தமபுத்திரன் (1940), கண்ணகி (1942), ஜகதலப்பிரதாபன் (1944) எல்லாம் பெரிய படங்கள். சம்பாதிச்சதை எல்லாம் இந்த ஊர்ல வீடா வாங்கிக் குவிச்சார், கடைசியில மகாராஜாவே இனிமே சின்னப்பாவுக்கு வீடு விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார்னு ஒரு கதை இன்னைக்கும் இங்க சொல்வாங்க.

அவர் ஊதாரி இல்ல, சேத்தவர். ஆனா 1951-ல, 35 வயசுல இறந்துட்டார். நடிகரோட தொழில்ல கடை, மெஷின், சரக்குன்னு எதுவும் இல்ல. உடம்புதான் முதல். அது நின்ன அன்னைக்கே வருமானமும் நிக்கும். அதனால வீடு வாங்கறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது

1. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா: வருஷம் 20 ரூபா, 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ராத்திரி பைக்ல ஊர் ஊரா போறவங்க இது இல்லாம கிளம்பவே கூடாது. ஜீவன் ஜோதி: வருஷம் 436 ரூபா, 2 லட்சம் ஆயுள் காப்பீடு. மே மாசக் கடைசியில கணக்குல பணம் இருக்கணும், அது சீசன் நேரம்தான்.

2. அடல் பென்ஷன் யோஜனா: 25 வயசுல சேந்தா மாசம் 376 ரூபா. 60 வயசுக்கு மேல மாசம் 5,000. அரையாண்டுக்கு ஒரு தடவையும் கட்டலாம், நம்ம சீசனுக்கு அதுதான் தோது.

3. வருமான வரி ரிட்டர்ன்: இந்த வருமானத்துக்கு வரி வராது. இருந்தாலும் வருஷா வருஷம் ரிட்டர்ன் போடணும். போன வருஷம் பைக் லோன் கேட்டப்ப, "நாடகம் எல்லாம் வருமானமா?"ன்னு ஒரு இடத்துல சிரிச்சு அனுப்பிட்டாங்களாம். மூணு வருஷ ரிட்டர்னும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில இருந்தா அவ்வளவு சுலபமா சிரிக்க முடியாது.

4. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிவு. சங்கத்துல உறுப்பினர் அட்டை இருந்தா மட்டும் போதாது.

5. சீசன் இல்லாத மாசங்களுக்கு அதே கலையில இன்னொரு வருமானம். ஆர்மோனியம் சொல்லித் தரலாம், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பழக்கி விடலாம், மேக்கப் போடலாம். மாசம் 2,000 வந்தாலும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

வீடியோ யாருக்குச் சொந்தம்?

இது ரொம்ப முக்கியம். நானும் யூடியூப் சேனல் வச்சிருக்கறவன்தான், அதனால உரிமையோட சொல்றேன். முழு இரவு நாடகத்தை வீடியோ எடுத்துப் போட்டு லட்சக்கணக்குல வியூஸ் வாங்கற சேனல்கள் இருக்கு. அதுல நடிகருக்கு என்ன பங்கு? தம்பியைக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், பேரு கிடைக்குதுல்ல"ன்னார்.

நம்ம காப்புரிமைச் சட்டத்துல நடிகருக்குன்னு தனி உரிமை இருக்கு, 50 வருஷத்துக்கு. சம்மதம் இல்லாம பதிவு பண்ணி விக்க முடியாது. ஒருத்தரா கேட்டா அடுத்த புக்கிங் போயிடும்ங்கற பயம் நியாயமானது. அதனால சங்கமா சேந்து கேக்கணும். அட்வான்ஸ் பேசும்போதே "வீடியோ உண்டா? உண்டுன்னா இவ்வளவு"ன்னு ஒரு வரி சேருங்க. நாடகம் வைக்கிற ஊர்க்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விடிஞ்சப்புறம் பேரம் பேசாதீங்க. பேசின தொகையைக் கணக்குல போட்டு விடுங்க. உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை, அவருக்கு அது வருமானச் சான்று.

இப்ப தை மாசம். தம்பி திருப்பூர் போகல. கார்த்திகையில ஒரு 5,000 கடன் வாங்கினார், மறைக்கல. அதுக்கு முந்தின வருஷம் 30,000. அப்பாவுக்கு இன்னும் முழு திருப்தி இல்ல. ஆனா போன வாரம் ரெண்டு பேரும் வந்தப்ப, அந்த டைரியைப் புரட்டினது அவர்தான். "மாசிக்கு எத்தனை நைட் ஆகியிருக்கு?"ன்னு மகனைக் கேட்டார்.

உங்க வீட்டுல இப்படி ஒரு கலைஞர் இருந்தா, போ, வராதேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வருஷக் கணக்கை உக்காந்து எழுதிப் பாருங்க. சந்தேகம் இருந்தா வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல கேளுங்க, பதில் சொல்றேன். இது பொதுவான கருத்துதான், உங்க நிலைமைக்கு உங்க ஆடிட்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.