வீடே பள்ளிக்கூடமா? கொஞ்சம் கணக்குப் பாருங்கள்!

ஜூன் பிறந்தால் திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் நோட்டு, அட்டை, சீருடை வாங்கக் கூட்டம் அலைமோதும். இப்போதோ "எங்க பசங்க ஸ்கூலுக்குப் போகலை, வீட்டுலயே படிக்கிறாங்க" என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் அங்கங்கே முளைத்துவிட்டார்கள். எட்டு வயதில் ஒன்று, ஆறில் ஒன்று, நாலில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஹால், ஒரே அம்மா, சுவரில் புதுசாய் ஒட்டிய டைம்டேபிள்.

கேட்டால் ஃபீஸ் மிச்சம் என்பார்கள். பி.காம் முதல் வருஷப் பையன்கூடச் சிரிப்பான். அந்த அம்மா வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? எங்கேயும் எழுதவில்லை. சம்பளம் தராத உழைப்பை லாபம் என்று காட்டுவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, கள்ளக்கணக்கு. (அப்பாக்கள் வேலையை விட்டு வீட்டில் பாடம் எடுப்பது எத்தனை வீட்டில் நடக்கிறது, சொல்லுங்கள்!)

அடுத்தது, "நம்ம முன்னோர் எல்லாம் வீட்டுலதானே படிச்சாங்க". யார் சொன்னது? திண்ணைப் பள்ளிக்கூடம் வாத்தியார் வீட்டுத் திண்ணை; தெருப் பிள்ளைகள் கூடிப் படித்த இடம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில் ஏற முடியவில்லை என்பது தனிக்கதை. இந்த ஊர்க்காரர்கள் அப்பரையாவது நினைக்க வேண்டாமா? அக்கா திலகவதியார் வளர்த்த பிள்ளை, படிக்க வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்தது பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில், அதாவது இதே ஊரில் என்பார்கள்.

பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை யாரும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைச் சென்னையில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1797ல் லண்டனில் புத்தகமே போட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது அதுதான். 2007-08ல் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலிலும் நாலு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தார்கள். இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்காதீர்கள்.

வீடு தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லித்தரும். 1953ல் ராஜாஜி கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாக்கி, மீதிப் பொழுதில் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்னார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954ல் காமராஜர் வந்ததும் திட்டம் போயிற்று. படித்த வீட்டுப் பிள்ளைக்கு வீடே போதும் என்பவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது பிரிவு 10. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை ஏதும் அதில் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வீட்டுப்பள்ளி நடக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயதுப் பெண்ணை வீட்டில் நிறுத்துகிறவர்களும் அதே ஓட்டையில்தான் நுழைகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கதவு சாத்தியிருக்கும்.

ஃபீஸ் கொள்ளை, பொதிமூட்டை, ஓயாத ஹோம்வொர்க் பற்றிய கோபம் எல்லாம் நியாயமே. தனியார் பள்ளிகளைத் திட்டுங்கள், கூடவே நூறு பேர் வருவார்கள். ஆனால் பிரான்சில் 2022 முதல் வீட்டில் படிக்க வைக்க முன் அனுமதி வேண்டும். ஜெர்மனியில் அநேகமாக வழியே இல்லை. இங்கே அவ்வளவு வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து, அந்த மூன்று பிள்ளைகளோடும் தனியாக அரை மணி நேரம் பேசட்டும். பெரிய பெண்ணிடம் முதலில்.