அரை மில்லிமீட்டர்

'போடிநாயக்கனூரில் எதுக்குய்யா பாய்மரப் படகு?' என்று கேட்பீர்கள். மேற்கே ஏலக்காய் மலை, அடிவாரத்தில் மாந்தோப்பு, கண்ணுக்கெட்டின தூரம் வரை கடலே கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் பொம்மைப் பாய்மரப் படகு கட்டிப் பழக வேண்டிய முதல் ஊர் போடிதான். காரணம், தெர்மகோல்.

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

குரங்கணிப் பக்கம் பெய்கிற மழை, கொட்டகுடி ஆறாகப் போடியைத் தாண்டி, தேனி வழியாகக் கடைசியில் வைகை அணைக்குப் போகிறது. அந்த அணையில்தான் 2017 ஏப்ரலில், அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ, நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அடித்தது. அட்டைகள் கரை ஒதுங்கின. அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த தமிழ்நாடு இன்னும் நிறுத்தவில்லை.

எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பதுதான் என் கேள்வி. தண்ணீரை மூடிவைக்கிற யோசனையையா? அது பைத்தியக்காரத்தனம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015-ல் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். தண்ணீரின் தரத்தைக் காப்பது முதல் நோக்கம், ஆவியாவதும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீரை அடைத்திருந்தார்கள், காற்று தூக்கிப் போகாமல் இருக்க. நம்மிடம் இல்லாமல் போனது அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான்.

கணக்குப் போடலாம். தெர்மகோலில் ஏறத்தாழ 98 சதவிகிதம் வெறும் காற்று. இரண்டரை சென்டிமீட்டர் கன அட்டை, தண்ணீருக்குள் முங்குவது அரை மில்லிமீட்டர். மிச்சம் மொத்தமும் வெளியே, காற்றுக்கு வாகாக. பிடிமானமே இல்லாத பொருள் காற்று சொன்ன பக்கம் போகாமல் என்ன செய்யும்?

இப்போது அதே தெர்மகோலை ஒடுக்கமாக, 75 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு படகு உடலாக அறுங்கள். சூடேற்றிய நைக்ரோம் கம்பி வெண்ணெய் மாதிரி அறுக்கும். புகை வரும், திறந்தவெளியில் பெரியவர் யாராவது கூட இருந்து செய்யுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால். பெட்ரோல், தின்னர் வாசனை அடிக்கிற பசை எதுவும் வேண்டாம், தெர்மகோலையே தின்றுவிடும். இரண்டையும் அகலமாக விலக்கி மூங்கில் சிம்பால் இணையுங்கள். படகு நிமிர்ந்து நிற்பது அந்த அகலத்தால், ஈயக்கட்டி வேண்டியதில்லை. பழைய பிளாஸ்டிக் ஷீட்டில் பாய். சுக்கானுக்கு ஒரு சர்வோ மோட்டார், பாய்க்கயிறுக்கு ஒன்று, ஒரு ரிமோட். மொத்தம் 900 கிராமுக்குள் முடித்தால் படகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முங்கும். கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பலகையைச் செருகுங்கள். பக்கவாட்டில் தள்ளுகிற காற்றை அந்தப் பலகை மறிக்கும், படகு முன்னால் போகும். வளைந்து வளைந்து, காற்று வருகிற திசையை நோக்கியே போகும். அதே தெர்மகோல்! அதே காற்று!

ஒரே ஒரு முறை இப்படிப் படகு விட்ட பிள்ளை, அணைக்கரையில் நின்று, 'சார், அடியில வெயிட் இல்லையே, நிக்காதே' என்று சொல்லியிருக்கும். சொல்ல ஆள் இல்லாமல் போனது அமைச்சர் குற்றம் மட்டும்தானா?

நம் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியைப் பாருங்கள். தெர்மகோலில் அணைக்கட்டு இருக்கும். நீலத்தாளில் தண்ணீர் ஓடும். ராத்திரி கண்விழித்து ஒட்டியது அப்பா. பரிசு வாங்குவது பிள்ளை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மொத்தமும் பல்லிளிக்கும். வருஷா வருஷம் இதற்குக் கைதட்டிவிட்டு, வைகையில் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை? அணையில் மிதந்ததும் நம் கண்காட்சி மாடல்தானே, சைஸ்தான் பெரிசு.

உடனே ஒருவர், "கேட்டமரான் என்பதே நம்ம கட்டுமரம்தான் தெரியுமோ?" என்று மார்தட்டுவார். வார்த்தை நம்முடையது, சத்தியம். ஆனால் நம் கட்டுமரம், கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்கள் கண்டது. வெள்ளைக்காரன் நம் பெயரை அவர்கள் படகுக்கு வைத்துவிட்டான். நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பெருமைப்படுகிறோம். மீனவன் மரத்தைத் தேடிப் பிடித்து, கட்டி, கவிழ்ந்து, மறுபடி கட்டிக் கற்றது அது.

குப்பை ஆகாதா என்பீர்கள். புதிதாக வாங்கச் சொல்லவில்லை, டி.வி. வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போடிக்காரர்களுக்கு மிதப்பு ஒன்றும் புதிதில்லை. இவர்கள் வியாபாரம் செய்கிற இலவம் பஞ்சைத்தான் ஒரு காலத்தில் உலகமே லைஃப் ஜாக்கெட்டில் அடைத்தது. ஆடிக்காற்று வருஷம் தவறாமல் இலவசமாக வருகிறது. தண்ணீர் நிற்கிற கண்மாய் ஒன்று போதும்.

வாத்தியார்களே, அடுத்த கண்காட்சிக்கு நடுவர்களை ஹாலுக்குக் கூப்பிடாதீர்கள். கண்மாய்க் கரைக்கு வரச் சொல்லுங்கள். எதிர்க்காற்றில் அக்கரை போய்த் திரும்பி வருகிற படகுக்கு மட்டும் பரிசு.