ஏமாந்தார் என்பது தன்வினையா?

தன்வினை, பிறவினை வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கத் தமிழாசிரியர்கள் காலங்காலமாக எடுத்தாளும் இணைகள் சில உண்டு. திருந்தினான், திருத்தினான், உருண்டான், உருட்டினான். அவ்வரிசையில் ஏமாந்தான், ஏமாற்றினான் என்ற இணையையும் சேர்த்துக்கொள்ளலாம். வங்கி மோசடிச் செய்திகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகையில் நாம் கண்டது ஒன்றுண்டு. நாளிதழ்த் தலைப்பிலும், தெருப் பேச்சிலும், உறவினர் வீட்டுக் கூடத்திலும் இவ்விணையின் முதற்சொல்லே புழங்குகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஏமாந்தார், இல்லத்தரசி ஏமாந்தார், பொறியாளரே ஏமாந்தார். ஏமாற்றியவன் அவ்வாக்கியத்தில் இல்லை. அவனுக்கு வழிவிட்ட அமைப்பும் இல்லை. பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவரே எழுவாயாக நின்று, வினையைத் தாமே செய்தவர் போலத் தலைகுனிகிறார்.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தலைகுனிவுக்கு ஒரு விலை இருக்கிறது. அது ரூபாயில் கணக்கிடத்தக்க விலை. மோசடியில் பறிபோன பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதற்கணக்கிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கும் சில மணி நேரத்துக்குள் சிதறிப் போகிறது. உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் இயங்கும் 1930 என்ற உதவி எண்ணில் உடனே முறையிட்டால், பணம் கடந்து செல்லும் வங்கிகளுக்குத் தகவல் போய், எஞ்சியிருக்கும் தொகையையாவது நிறுத்திவைக்க இயலும். 'பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்' என்று எண்ணிக் குமைந்து ஓர் இரவைக் கழிப்பவர் இழப்பது அந்த வாய்ப்பைத்தான். மோசடிக்காரன் பணத்தை எடுத்துக்கொள்கிறான். மீட்கும் நேரத்தை நம் ஏளனம் எடுத்துக்கொள்கிறது.

படிப்பறிவு இல்லாதவர்கள்தாம் சிக்குகிறார்கள் என்பது வசதியான நம்பிக்கை. பேராசிரியர்களும் மருத்துவர்களும் வங்கி அலுவலர்களும் சிக்கியிருக்கிறார்கள். மோசடியின் கருவிகள் பல, இயக்கமோ ஒன்றே. முதலில் ஓர் அச்சம் அல்லது ஆசை, அடுத்து அவசரம், அதற்கடுத்துத் தனிமை. மின்கட்டணம் கட்டப்படவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு குறுஞ்செய்தி வரும். கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று ஓர் அழைப்பு வரும். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பு வரும். அதைத் திறந்து நிறுவி, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், நம் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் வேறொருவன் கண்ணிலும் படத் தொடங்கும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, 'யோசிக்காதே, யாரிடமும் கேட்காதே' என்னும் சொல்லாத கட்டளை.

இந்த இயக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைச் சற்றே நினைவுகூர்வோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். திருட்டுப் போய்விட்டது, திருடன் பிடிபட்டான் என்று ஓடிவந்து அரசனிடம் சொல்பவனும் அவனே. ஊடிச் சென்ற தேவியைத் தேற்றும் விரைவில் அரசன் இருக்கும் நேரம் பார்த்து, வாயிலிலேயே மடக்கிச் சொல்கிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனாக இரான் என்று தயங்கும்போது, கள்வர்களுக்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் முதலான எட்டையும் விரித்துரைத்து அவர்கள் ஐயத்தைக் கலைக்கிறான். கள்வனே களவைப் பற்றி எச்சரிக்கிறான்! இன்னொருவன் அடையாளத்தின்மீது தன் குற்றத்தை ஏற்றிவிட்டு அவன் நழுவுகிறான்.

இன்று 'டிஜிட்டல் கைது' என்று வழங்கும் மோசடி இதே கூத்துதான். உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்து யாரோ கணக்குத் தொடங்கிக் கருப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள் என்று, அடையாளத் திருட்டைப் பற்றிய எச்சரிக்கையாகவே அது தொடங்குகிறது. காவல் சீருடை, போலி ஆணை, காணொளியில் நீதிமன்ற அரங்கு என வளர்ந்து, சரிபார்ப்பதற்காகப் பணத்தை அனுப்புங்கள் என்பதில் முடிகிறது. காணொளி வழியாக ஒருவரைக் கைது செய்து வைத்திருக்க இந்நாட்டின் எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதைப் பிரதமரே 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் விளக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் பெயராலேயே போலி ஆணைகள் காட்டப்பட்டதாக அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் எழுதிய மடலை அடுத்து, 2025 அக்டோபரில் அந்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. டிசம்பரில் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நீதிமன்றமே தன் அடையாளத்தைப் பறிகொடுத்திருக்கும் காலத்தில், ஓய்வூதியக்காரர் ஒருவர் தம் அடையாளத்தைக் காக்கத் தவறியதை எள்ளுவது எவ்வகையில் நியாயம்?

சட்டமும் விதியும் இவ்விடத்தில் என்ன சொல்கின்றன என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளரும் அறிந்திருக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை இவ்வகையில் முக்கியமான ஆவணம். தவறு வங்கியுடையதானால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத வேறிடத்தில் குறை நேர்ந்து, மூன்று வேலைநாட்களுக்குள் முறையிட்டால் அப்போதும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் என்றால், பொதுவான சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனையில் அவர் ஏற்க வேண்டிய இழப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது. முறையிட்ட பத்து வேலைநாட்களுக்குள் அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது. இவ்வளவையும் சொல்லும் அந்தச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தம் இரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்ந்திருந்தால் அதை அவருடைய கவனக்குறைவு என்று வகைப்படுத்துகிறது. முறையிடும்வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவர் தலையில். முறையிட்ட பின் நேர்வது மட்டுமே வங்கியுடையது.

நம் மனவேறுபாடு இங்குதான். கவனக்குறைவாகப் பகிர்தல் ஒன்று. மிரட்டப்பட்டுப் பகிர்தல் மற்றொன்று. கத்தியைக் கண்டு பணப்பையைக் கொடுத்தவனைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொல்வதில்லை. மணிக்கணக்கில் காணொளிமுன் அமர்த்தி வைக்கப்பட்டு, பிள்ளைகளையும் கைது செய்வோம் என்று அச்சுறுத்தப்பட்ட மூதாட்டி தட்டிய ஆறு இலக்கங்களை மட்டும் ஏன் அவருடைய தன்வினையாகக் கொள்கிறோம்? பிரித்தானியாவில் 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையிலிருக்கும் விதி இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும், கடும் அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, 85,000 பவுண்டு வரை ஈடுசெய்ய வேண்டும். அச்சுமையை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் சரிபாதியாக ஏற்க வேண்டும். பணத்தைப் பெற்ற வங்கி என்பது கவனிக்கத்தக்கது. மோசடிக்காரனும் எங்கோ ஒரு வங்கியின் வாடிக்கையாளன்தானே! அவனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவர்க்குப் பொறுப்பில்லை என்றால் கேஒய்சி என்ற சடங்கு எதற்காக?

வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருக்கவேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. எச்சரிக்கை அவர் மொழியில் அவரை அடைகிறதா என்பதே கேள்வி. வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் வருபவற்றுள் பல, அகராதியைப் பிரித்து ஒட்டியவை போல இருக்கின்றன. மோசடிக்காரனோ 'அம்மா, நல்லா இருக்கீங்களா' என்று தொடங்குகிறான். காவலன் புரியாத மொழியிலும் கள்வன் தாய்மொழியிலும் பேசினால் வெற்றி யாருக்கு? 2022-இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒன்று 'ராஜுவும் நாற்பது திருடர்களும்' என்ற பெயரில் மோசடி வகைகளைச் சிறு கதைகளாக்கி வெளியிட்டது. கதை சொல்லிப் பழகிய நம் மண்ணுக்கு இதுவே உகந்த வழி. 'யுபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் போடத் தேவையில்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணம் போவதற்கே' என்ற ஒரு வாக்கியத்தை நல்ல தமிழில் ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைத்தால் ஆயிரம் குறுஞ்செய்திகளைவிடப் பயன் தரும்.

கல்லூரியில் பணிபுரிவோர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. சிதறும் பணத்தைத் தாங்கும் கணக்குகளில் பல, சிறு தொகைக்காக மாணவர்கள் வாடகைக்கு விட்ட கணக்குகள். 'சும்மா கிடக்கிற கணக்குதானே ஐயா' என்று கேட்கும் பிள்ளைக்கு, கணக்கு முடக்கப்படும், வழக்கு பதியப்படும், வேலைக்குமுன் நடக்கும் காவல்துறைச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும் என்பதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. மூத்த தலைமுறையின் அச்சமும் இளைய தலைமுறையின் வறுமையும் ஒரே வலையில் அகப்பட்டிருக்கின்றன. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லும் நாம், அதைக் கையாளும் விதத்தையும் அன்றே கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வீட்டளவில் செய்யத்தக்கவை எளியவை. ஆதார் நகல் கேட்குமிடத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம். கைபேசியில் அலைவரிசை காரணமின்றி நெடுநேரம் அறுந்திருந்தால், நம் எண்ணுக்கு வேறொருவன் சிம் அட்டை வாங்கியிருக்கக்கூடும் என்று ஐயுற்று உடனே விசாரிக்கலாம். வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ பார்க்கலாம். இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டதையும் நினைவில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் பற்றிய எந்த அழைப்பானாலும் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்வது என்ற வழக்கத்தைக் குடும்பத்தில் ஏற்படுத்தலாம்.

ஆனால் அப்படிச் சொல்ல வருபவருக்கு நம் முகம் இடங்கொடுக்க வேண்டும். 'இவ்வளவு படித்தும் இப்படியா' என்ற ஒரு சொல் போதும், அடுத்தமுறை அவர் வாயைத் திறக்கமாட்டார். சங்கத் தமிழில் ஏமம் என்றால் காவல். அந்தக் காவலை வங்கியிடமும் அரசிடமும் உரிமையோடு கேட்போம். வீட்டில் நாமே தருவோம். அடுத்தமுறை இத்தகைய செய்தி ஒன்றைப் பிறரிடம் சொல்ல நேர்கையில், ஏமாந்தார் என்பதை விடுத்து ஏமாற்றப்பட்டார் என்று சொல்லிப் பாருங்கள். யார் ஏமாற்றியது, யார் தடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் கேட்பவர் வாயிலிருந்து தாமாகவே வரும்.